கோயிலுக்குள் போன அலுமாரி

எனக்கு மாதாமாதம் வருவது நின்றுபோன பிறகுதான் கோயிலைக் கூட்டுகிற வேலை கிடைத்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அதுதான் வழக்கம். மண்டபத்துக்குள் விளக்குமாறு பிடிக்கிற பொம்பளை தீட்டு நின்றவளாக இருக்க வேண்டும். ஆம்பளைகள் எந்த வயதிலும் கூட்டலாம், ஆனால் கூட்டமாட்டார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டு லயத்து வரிசை வீட்டில் கிடந்த என்னைப் பூசாரி கூப்பிட்டார். கூலி கிடையாது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் பொங்கல், கொஞ்சம் கடலை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்க எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போதுகூட நான் சொன்ன பதில் யாருக்கும் கேட்டதில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். கோயிலைக் கூட்டும்போது யாரிடமும் பேச வேண்டியதில்லை.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதுவதும் அப்படித்தான், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. இதை எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் அருவருப்பு. ரொம்ப நாளாகத் தொண்டையில் நிற்கிறது. துப்பினால் போகுமா என்று பார்க்கிறேன்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலையின் இடுப்பில் இருக்கிறது. பதுளைக்குப் போகிற பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. தோட்டத்துப் பள்ளிக்கூடம் சின்ன வகுப்புகளோடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்கிற பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் எந்த லயத்திலும் கிடையாது. சுவரில் தொங்குகிற கலண்டரும், கடையில் பருப்புச் சுற்றித் தருகிற பேப்பரும்தான் வீட்டுக்குள் வருகிற எழுத்து.

இப்படி இருக்கும்போது கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்தது. ஒரே நிறத்தில் சட்டை போட்ட பையன்களும் பெண்பிள்ளைகளும் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமையாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மிஸ். கூடவே ஒரு லொறியில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அலுமாரி. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நூலகம் வைத்துக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று சொன்னார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள்.

"எல்லாரும் முகத்துக்குக் கீழ பிடியுங்கோ. சிரியுங்கோ," என்றார் மிஸ்.

பிள்ளைகள் சிரித்தார்கள். மூக்கு ஒழுகுகிற ஒரு பொடிசு ஏதோ கணக்கியல் சோதனை வழிகாட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைத்தான் ரொம்ப நேரம் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிறகு வேன் பக்கம் போய் ஒரு சின்னப் போத்தலை எடுத்து ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டார்கள். சாராய வாடை அடித்தது. பிள்ளைகளும் கையை நீட்டின, என்னவோ கொடுக்கிறார்கள் என்று. அப்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அலுமாரியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது, தகரம் முழுக்க ஓட்டை. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கே இடமில்லை. மழை ஒழுகாத கூரை தோட்டத்தில் ஒன்றுதான், அது கோயில். நாங்கள் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கட்டிய கொங்கிரீட் கூரை. தொழிற்சங்கத்துத் தலைவர்தான் சொன்னார், "கோயில்லயே வச்சிருவோம் மிஸ். சரஸ்வதி கோயில்ல இருக்கிறதுதானே மரியாதை."

மிஸ்ஸுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அலுமாரியோடு அம்மனையும் சேர்த்துப் படம் எடுத்தார். தலைவர் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு நடுவில் நின்றார்.

மறுநாள் தூசி துடைக்கும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மேல் தட்டில் முழுக்க இங்கிலீசு. தடித்தடியாகக் கம்பியூட்டர் படம் போட்டவை. அடுத்த தட்டில் பழைய சோதனை வழிகாட்டிகள், யாரோ பென்சிலால் விடை எழுதி முடித்தவை. வேறு யாரோ குழந்தை ஏற்கெனவே கலர் அடித்துக் கிழித்த படக் கொப்பிகள். பெரிய ஹோட்டல்களின் விளம்பரப் புத்தகம் ஒரு கட்டு, நீச்சல் குளமும் கட்டிலுமாக. வீட்டைக் கழுவித் துடைத்தவர்கள் குப்பையை எங்கே போடுவது என்று யோசித்து, மலைக்கு அனுப்பிவிட்டார்கள். கீழ்த் தட்டில் மட்டும், ஒரு முழத்துக்கு, தமிழில் பிள்ளைகள் கதை. அந்த ஒரு முழம்தான் நூலகம்.

அந்த ஒரு முழத்தையும் எங்கள் ஆட்கள் விட்டார்களா என்றால், இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை பூசாரி கண்ணாடியில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். அடுத்த வெள்ளி கதவைத் திறந்து ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் வைத்தார். அதற்கடுத்த வாரம் அலுமாரிக்கு முன்னால் கற்பூரம் காட்ட ஆரம்பித்தார்கள். பொம்பளைகள் விழுந்து கும்பிட்டார்கள். சோதனை எழுதப் போகிற பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தி நெற்றியைக் கண்ணாடியில் முட்டச் சொன்னார்கள். விளக்கெண்ணெயும் கற்பூரப் புகையும் சேர்ந்து கண்ணாடியில் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டியது. துடைத்த துணியை எத்தனை தடவை அலசினாலும் அந்தப் பிசுக்குப் போகாது. எங்கள் சனங்களைக் குறை சொல்லவும் முடியாது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கும்பிடத் தெரிந்தது. அதற்குமேல் புத்தகத்தை என்ன செய்வது என்று யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மணி அடிக்கும்வரை பிள்ளைகள் வாசிக்கலாம் என்று பூசாரி சொன்னார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்த மனுசன். பயந்த மனுசன் கையில் ஒரு சாவியைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

"குளிச்சிட்டு வரணும். கவிச்சி திண்டுட்டு வரக்கூடாது. எச்சி தொட்டுப் பக்கம் திருப்பக்கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா அந்தப் பேச்சே இல்ல."

எங்கள் தோட்டத்தில் வாரம் முழுக்க ரொட்டியும் சம்பலும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் கறியோ கருவாடோ கொதிக்கும். முதல் ஞாயிறு ஒரு கூட்டம் வந்தது. அடுத்த ஞாயிறு பாதி. பிறகு ஒரு பயல் கோயில் வாசலில் நின்று மற்றவர்களிடம் கணக்குச் சொன்னான், "கதைப் பொஸ்தகமா கருவாட்டுக் கொழம்பான்னு கேட்டா நான் கருவாட்டுக் கச்சிடா." எல்லாரும் அவன் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

ஒருத்தி மட்டும் விடாமல் வந்தாள். லயத்தில் என் காம்பரா அறைக்கு அடுத்த காம்பராப் பிள்ளை. தகப்பன் கொழும்பில் கடையில் நிற்கிறான், தாய் கொழுந்தெடுக்கிறாள். பதுளைக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையிலிருந்து கொட்டுகிற பீலித் தண்ணீரில் நடுங்கிக்கொண்டே குளித்துவிட்டு, தலையைத் துவட்டாமல் ஓடி வருவாள். கறி கொதிக்கிற நாளில் சோற்றில் மிளகாயைப் பிசைந்து தின்றுவிட்டு வருவாள். அவள் எடுத்த புத்தகம் கொஞ்சம் பெரியது, படம் குறைவு. ஒரு பொட்டைக் கழுதை கடலைப் பார்க்க வேண்டும் என்று மலையிலிருந்து இறங்கிப் போகிற கதை. மணி அடிக்கும்வரை நாலைந்து பக்கம்தான் முடியும். மூடி வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பால் குடிக்கிற பிள்ளையைப் பிடுங்கியது போல இருக்கும். நான் கூட்டிக்கொண்டே காதைக் கொடுப்பேன். மெதுவாகச் சத்தம் போட்டுத்தான் வாசிப்பாள். ஒருநாள் கழுதை பஸ்ஸை நிறுத்தி டிக்கட் கேட்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கோயில்ல என்னா சிரிப்பு?" என்றார் பூசாரி.

"கழுத சிரிக்க வக்கிது சாமி."

"கழுதயப் பத்தியெல்லாமா போட்டிருக்கான்? அம்மனுக்கு முன்னுக்க கழுதக் கதையா?"

அந்தப் பிள்ளை புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கதையைக் கடைசிவரை வாசிக்க வேண்டும். இவ்வளவு சின்ன ஆசைக்கு இவ்வளவு பெரிய தடை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கழுதை கடலோர ஊருக்குப் போய்ச் சேருகிற நேரத்தில் பிள்ளை பெரிய மனுசியாகிவிட்டாள்.

காம்பராவின் மூலையில் பழைய சேலையைக் கட்டி மறைத்து, குறுக்கே உலக்கையைப் போட்டு, தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்து உட்கார வைத்தார்கள். பூனாகலைத் தோட்டத்திலிருந்து அத்தை வந்து இறங்கி அதிகாரம் பண்ணத் தொடங்கினாள். நான் முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுபோனேன். சேலைக்குப் பின்னாலிருந்து பிள்ளை கேட்டாள், "அம்மாயி, இனி நான் கோயிலுக்கு எப்ப போகலாம்?"

"தலைக்குத் தண்ணி ஊத்தி, சடங்கு சுத்தி, புண்ணியதானம் பண்ணுன பொறகு."

"அதுக்குப் பொறகு எல்லா ஞாயிறும் போகலாமா?"

நான் எப்படிச் சொல்வது. "இடையில இடையில நிக்க வேண்டி வரும்," என்றேன்.

சேலை விலகி ஒரு கண் எட்டிப் பார்த்தது. பிறகு, "அப்ப கழுத?" என்றாள். அழுகிற குரல் இல்லை அது. கடைக்காரனிடம் நியாயம் கேட்கிற குரல்.

அலுமாரிச் சாவி கோயிலில் விளக்குத் தூணுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், கண்ணாடி துடைப்பதற்காக. செவ்வாய்க்கிழமை காலையில் கோயிலில் என்னைத் தவிர யாரும் இல்லை. புத்தகத்தை எடுத்தேன், துடைக்கிற துணியில் சுற்றினேன், கொண்டுபோய்ச் சேலைக்குக் கீழே தள்ளிவிட்டேன். எனக்கு வருத்தம் இல்லை. இப்போதும் இல்லை. வேறு எவரும் தொடாமல் கிடக்கிற புத்தகத்தை ஒரு பிள்ளை தொட்டது.

இரண்டாம் நாள் அத்தைக்காரி சோற்றுத் தட்டை வைக்கக் குனிந்தவள் பார்த்துவிட்டாள். வெறும் புத்தகம் என்றால் பள்ளிக்கூடத்துப் புத்தகம் என்று விட்டிருப்பாள். அட்டையில் சந்தனப் பொட்டு இருந்ததே. அவள் போட்ட சத்தத்தில் மூன்று லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் கோயில் வாசலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தலைவர், பூசாரி, கோயில் கமிட்டி ஆட்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"பெரியம்மா, நீங்க வெவரம் தெரிஞ்ச ஆளு. இப்பிடிச் செய்யலாமா?" என்றார் தலைவர்.

"சாமி சாமானத் தூக்கிட்டுப் போயி தீட்டுக்காரப் புள்ள கையில குடுத்திருக்கீங்களே அக்கா," என்றார் பூசாரி. "அம்மா சும்மா இருப்பாளா?"

கமிட்டியில் ஒருவர், "பாலத்துக்கிட்ட மண்ணு சரிஞ்சது சும்மாவா?" என்றார்.

"அது போன மாசம் சரிஞ்சது மாமா. புள்ள பெரிய மனுசி ஆனது இந்த வாரம்," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, ரெண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

பிள்ளையின் தாய் ஒரு ஓரமாக நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "எம்புள்ள பேரத் தோட்டம் பூரா நாறடிச்சிட்டீங்களே அக்கா," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அது மட்டும்தான் எனக்கு வலித்தது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் நினைக்க நினைக்க எனக்குக் குமட்டுகிறது. அலுமாரி தீட்டாகிவிட்டதாம். சுத்தி பண்ண வேண்டுமாம். ஒரு வாளியில் மஞ்சள் தண்ணீர். கீழ் லயத்தில் மாடு வைத்திருக்கிற வீட்டிலிருந்து ஒரு போத்தலில் மூத்திரம். கோமியம் என்று பேர் மாற்றினால் வாடை மாறுமா. ரெண்டையும் கலந்து மாவிலையில் தோய்த்து, கதவைத் திறந்து, புத்தகங்கள் மேல் தெளித்தார்கள். மாவிலையில் போதாது என்று ஒருவர் சொம்பால் மொண்டு தட்டுத் தட்டாக ஊற்றினார். கீழ்த் தட்டில், அந்த ஒரு முழத்தில், மஞ்சளாகத் தேங்கி நின்றது. அப்படியே கதவைச் சாத்திப் பூட்டினார்கள். சாவி பூசாரி இடுப்புக்குப் போனது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கல்விக்கு அதிபதியாம்.

அந்தக் கழுதைப் புத்தகத்தைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது என்றார் பூசாரி. சரஸ்வதி என்பதால் எரிக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. "ஆத்துல விட்டுருங்க அக்கா. கொண்டுபோன நீங்களே விட்டுருங்க." விளக்குமாற்றையும் அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அதற்கு வேறொரு கிழவியைப் பார்த்துவிட்டார்கள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். கை கால் கழுவினேன். புத்தகத்தோடு திரும்பி வந்தேன். யாரும் கூட வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆற்றில் விட்டதாக அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

சடங்கு முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை என் இஸ்தோப்பில், வீட்டு முன் வாசலில், உட்கார்ந்து கதையை முடித்தது. முடிவு என்ன என்று கேட்டேன். "வாசிச்சுப் பாருங்க அம்மாயி, நான் சொல்லமாட்டேன்," என்றது. எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பிறகு அந்தப் புத்தகத்தை மற்றப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போனார்கள். தீட்டுப்பட்ட புத்தகத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை. கருவாடு தின்ற கையோடு வாசித்தார்கள், எச்சில் தொட்டுப் புரட்டினார்கள், அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனார்கள், பாயில் படுத்துக்கொண்டு வாசித்தார்கள். அட்டை போனது. மூலைகள் நாய்க்காதாக மடிந்தன. வேன்காரர்கள் கொண்டுவந்ததில் பிள்ளைகள் வாசித்தது அந்த ஒன்றைத்தான்.

கோயிலில் இருந்தவற்றைப் பற்றி, புதிதாகக் கூட்டுகிற கிழவிதான் வந்து சொல்வாள். ஐப்பசி கார்த்திகை மழையும் பனிமூட்டமும் வந்ததும் அலுமாரிக்குள்ளிருந்து ஒரு வாடை கிளம்பியதாம். "செத்த எலிக்கும் ஊசிப்போன சோத்துக்கும் புள்ள பொறந்த மாதிரி," என்றாள். பூசாரி ரெண்டு ஊதுவத்தி கூட ஏற்றினாராம்.

மழை ஓய்ந்து வெயில் காய்ந்த பிறகு அந்த வேன் மறுபடி வந்தது. அதே மிஸ், வேறு நிறத்துச் சட்டைகள். போன தடவை வைத்த நூலகத்தில் பிள்ளைகள் வாசிப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை இன்னும் நிறையப் பெட்டிகள் கொண்டுவந்திருந்தார்கள். தலைவர் முன்னால் நடக்க எல்லாரும் கோயிலுக்குப் போனோம். நான் படிக்குக் கீழே நின்றேன். பூசாரி சாவியைப் போட்டுத் திருப்பினார். கதவு ஒட்டிக்கொண்டது. இழுத்ததும் திறந்தது.

மிஸ் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். கீழ்த் தட்டுப் புத்தகங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே பாளமாக ஊதிக் கிடந்தன. மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம், அதில் மயிர் முளைத்தது போல. குங்குமம் வழிந்து ஓடிக் காய்ந்து புண்ணில் கட்டிய பக்குப் போல் இருந்தது. இடுக்கில் கரப்பான் முட்டை. ஒரு பையன் விரலால் தொட்டான், மேல் புத்தகத்தின் அட்டை தோலாக உரிந்து வந்தது. ஹோட்டல் விளம்பரங்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பளபளப்புத் தாள்.

"என்ன நடந்தது?" என்று கேட்டார் மிஸ்.

"இந்தப் பக்கம் சரியான ஈரம் மிஸ்," என்றார் தலைவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "பனி. ஒண்ணும் செய்ய ஏலாது. இத அள்ளிப் போட்டுட்டுக் கழுவிருவோம். புதுசக் கோயில்லயே அடுக்கிரலாம்."

மிஸ் சரி என்றுவிட்டார். அவ்வளவுதான். இவ்வளவு தூரம் ஏறி வந்து, இந்த நாற்றத்தை மோந்து, அந்த மனுசி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. பிள்ளைகள் எதையாவது வாசித்தார்களா என்று கேட்கவே இல்லை.

வேன் கோயில்வரை ஏறாது, பெரட்டுக் களத்தில்தான் நிற்கும். பெட்டி தூக்கப் பிள்ளைகளை விட்டார்கள். அடுத்த காம்பராப் பிள்ளை முன்னால் போய் வேன் கதவோரம் நின்றுகொண்டாள். உள்ளேயிருந்து பையன்கள் தள்ள, அவள் வாங்கி மற்றப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். ஒரு பெட்டியைக்கூட வேறு யாரும் நேராக எடுக்க விடவில்லை. "இங்க குடுங்க அண்ணே, இங்க குடுங்க," என்று வாங்கினாள். எல்லாப் பெட்டியும் அவள் கை வழியாகத்தான் இறங்கியது. அன்று விடிகாலையில் பீலியில் எல்லாரும் தண்ணீர் எடுத்துப் போகும்வரை அவள் தள்ளி நின்றதை நான் பார்த்திருந்தேன். அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. கடைசிப் பெட்டி இறங்கியதும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மாயி, நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அம்மா கொன்னுபோட்டுரும்."

பூசாரி, "கோயிலுக்குக் கொண்டாங்க," என்று கையைக் காட்டினார். பிள்ளைகள் பெட்டிகளைத் தலையில் ஏற்றப் போனார்கள்.

அறுபது எழுபது வருசமாக நான் வாய் திறக்காத இடம் அது. தலைவர், கமிட்டி, கொழும்புப் பையன்கள், இத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால், பொம்பளைகள் பீலிக்கரையில்கூடக் காதோடு காதாகச் சொல்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். அலுமாரி வாடை இன்னும் மூக்கில் இருந்தது. அந்த வாடைதான் என்னைத் தள்ளியது என்று நினைக்கிறேன்.

"பூசாரி," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பூசாரி, இந்தப் பொட்டிக கோயிலுக்கு ஆகாது. புள்ள இன்னைக்கு வீட்டுக்குத் தூரம். அம்புட்டையும் அது தொட்டிருச்சு."

பெட்டி தூக்கின பயல் ஒருவன் சுடுசட்டியைப் போல அதைக் கீழே வைத்தான். பூசாரி ரெண்டு எட்டுப் பின்னால் போனார். ஆம்பளைகள் வானத்தைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள், ஒருவருக்கும் என் முகத்தையோ பிள்ளை முகத்தையோ பார்க்க முடியவில்லை.

"என்ன, என்ன பிரச்சினை?" என்று கேட்டார் மிஸ்.

"ஒண்ணுமில்ல மிஸ், கோயில்ல எடம் பத்தாது," என்றார் தலைவர்.

"நான் தொட்டுட்டேன் மிஸ்," என்றாள் பிள்ளை.

மிஸ்ஸுக்கு விளங்கியதோ இல்லையோ, முகம் சிவந்து பெட்டிகளை எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டார். பிள்ளையின் தாய் வந்து அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். என்னைக் கடக்கும்போது, "ஒங்க வாய் தொறக்கிறதுக்கு எம்புள்ள மானந்தான் கெடச்சுதா," என்றாள்.

எங்கள் ஆட்கள் ஒருவரும் பெட்டியைத் தொடமாட்டேன் என்று நின்றுவிட்டார்கள். "எங்கயாவது வைங்க," என்றார் தலைவர். நான் என் இஸ்தோப்பைக் காட்டினேன். கொழும்புப் பையன்கள்தான் சுமந்து வந்து வைத்தார்கள். வைத்துவிட்டு வழக்கம்போல அந்தப் போத்தலை எடுத்துக் கை தேய்த்தார்கள். இந்தத் தடவை தலைவரும் கை நீட்டி ரெண்டு சொட்டு வாங்கிக்கொண்டார். அவர் எதையும் தொடவே இல்லை.

பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் பழைய குப்பைதான். டெலிபோன் புத்தகம்கூட ஒன்று இருந்தது. மீதியில் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி போன தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. என் இஸ்தோப்பு மூன்று பக்கமும் திறந்து கிடக்கிறது. சாவி கிடையாது, மணி கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் முதலில் எட்டி நின்று பார்த்தார்கள், பிறகு வந்து உட்கார்ந்தார்கள். சில வீடுகளில் அனுப்பமாட்டார்கள். பஸ்ஸில் பயல்கள் அந்தப் பிள்ளையைத் 'தீட்டு லைப்ரரி' என்று கூப்பிடுகிறார்களாம். ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். அடுத்த நாள் அப்படிச் சொன்ன பயலின் தங்கச்சி வந்து, அண்ணனுக்கு என்று ஒரு புத்தகம் கேட்டபோது, "அண்ணனையே வந்து கேக்கச் சொல்லு," என்று திருப்பி அனுப்பினாள். அவன் இன்னும் வரவில்லை.

அவள் தாய் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த காம்பராவில் இருந்துகொண்டு, என்னைக் கண்டால் சேலையை இழுத்து மூடிக்கொண்டு போவாள். பிள்ளை பேர் கெட்டுப்போனதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறாள். அவள் நினைப்பது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிற காலம் வரும்போது யாராவது இதைச் சொல்லிக் காட்டுவார்கள். எங்கள் ஆட்கள் மறக்கிறவர்கள் இல்லை.

போன கிழமை பின்னேரம் காற்றோடு மழை அடித்தது. இஸ்தோப்புக்குள் சாரல். பிள்ளைகள் புத்தகங்களை அள்ளிச் சுவரோரம் குவித்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பிள்ளை தன் முதுகை மழைக்குக் காட்டிக் குனிந்து நின்று மறைத்துக்கொண்டிருந்தது. எடுத்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த தாய் வாசலில் நின்று பார்த்தாள். தலையில் மழைக்குப் போட்டிருந்த உரப்பைப் பிளாஸ்டிக்கை அவிழ்த்தாள். வந்து அதைப் பெட்டிகள் மேல் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நனைய விட்டீங்கன்னா மறுபடி அந்த நாத்தந்தான்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மகளைப் பார்த்து, "தலையத் தொவட்டு. சளி புடிச்சா நான் பதுளைக்குத் தூக்கிட்டு ஓட ஏலாது," என்று சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே தன் காம்பராவுக்குள் போனாள்.